பார்க்கின்சன் நோயும் மலச்சிக்கலும்: கை நடுங்கும் முன்பே மந்தமாகும் குடல்

பார்க்கின்சன் நோய்க்கான முக்கிய மருந்து லெவோடோபா. காலையில் போட்ட அந்த மாத்திரை முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். இறுகிய கை இளகும், கால் தயங்காமல் எட்டு வைக்கும். நோய் வந்து சில ஆண்டுகள் ஆனபின், அதே மாத்திரையை அதே அளவில் போட்டும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில நாள் அந்த வேளை மருந்து எடுபடுவதே இல்லை. நோய் முற்றுகிறது என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். மருத்துவர் அளவைக் கூட்டுவார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பல வேளைகளில் கேட்கப்படாமலே போகிறது: வயிறு நன்றாகக் கழிந்து எத்தனை நாள் ஆயிற்று?

கேட்கப்படாததற்குக் காரணம் தேடிப்போக வேண்டியதில்லை. மருத்துவரோடு இருக்கும் சில நிமிடங்களை நடுக்கம், நடை, விழுந்துவிடும் பயம், தூக்கம் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. மலம் பற்றிப் பேச நோயாளிக்குக் கூச்சம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வயதானால் இப்படித்தான் என்று அவரே சமாதானம் செய்துகொண்டிருப்பார். இத்தனைக்கும் பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் மேல் மலச்சிக்கல் இருக்கிறது. எதை மலச்சிக்கல் என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து சில ஆய்வுகளில் இது 80 சதவீதம் வரை போகிறது.

இவ்வளவு பரவலான ஒரு தொல்லையை உணவுப் பழக்கத்தின் கோளாறாகவே பலரும் பார்க்கிறார்கள். உண்மையில் மூளையைத் தாக்கும் அதே நோய்தான் குடலையும் தாக்குகிறது. தாக்குவதும் ஒரே இடத்தில் அன்று. மலத்தை நகர்த்தும் பெருங்குடல் மந்தமாவது ஒரு கோளாறு; வந்து சேர்ந்த மலத்தை வெளியேற்ற வேண்டிய தசைகள் ஒத்துழைக்க மறுப்பது இன்னொரு கோளாறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் மலமிளக்கியை மட்டும் மாற்றிக்கொண்டே போவதால்தான் பலருக்குச் சிகிச்சை பலிப்பதில்லை என்பது என் கருத்து.

நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதிய சிறு நூலிலேயே குடல் இடம்பெற்றுவிட்டது. அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. ஆனாலும் குடல் மந்தமாகவே இருந்துவருவதையும், நோய் முற்றியபின் கடுமையான பேதி மருந்து இல்லாமல் முடியாமல் போவதையும், மலக்குடலில் தங்கியதை வெளியேற்றச் சில வேளை வெளியிலிருந்து உதவி வேண்டியிருப்பதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் குறிப்பில் இன்றைக்கும் திருத்த அதிகமில்லை. ஒன்றைத் தவிர: மலச்சிக்கல் நோயின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியதன்று. நோய் வெளியே தெரிவதற்கு வெகுநாள் முன்பே அது வந்துவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியது ஹவாயில் நடந்த ஹொனலுலு இதய ஆய்வு. இதய நோய்க்காகத் தொடங்கப்பட்ட அந்த ஆய்வில், 1970களின் தொடக்கத்தில் 6,790 ஆண்களிடம் நாளுக்கு எத்தனை முறை மலம் கழிகிறது என்றும் கேட்டு வைத்தார்கள். பிறகு 24 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் 96 பேருக்குப் பார்க்கின்சன் நோய் வந்திருந்தது. நாளுக்கு ஒரு முறைகூடக் கழியாதவர்களுக்கு, ஒரு முறை கழிந்தவர்களைவிட 2.7 மடங்கு அதிகமாக நோய் வந்தது. இரண்டு முறைக்கு மேல் கழிந்தவர்களோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கையும் தாண்டியது. நோய் தெரிந்தது சராசரியாக 12 ஆண்டுகள் கழித்து. 2001இல் வெளியான இந்த முடிவைப் பின்னால் வந்த பல ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இதைப் படித்துவிட்டு மலச்சிக்கல் உள்ள எல்லோரும் பயப்படத் தேவையில்லை. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் 6,790 பேரில் 96 பேர் என்பது ஏறத்தாழ 70 பேருக்கு ஒருவர்தான். மலச்சிக்கல் மிகச் சாதாரணமான தொல்லை. அது இருக்கும் பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வருவதே இல்லை. மணம் தெரியாமல் போவது, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கையை வீசி உதைத்துக் கத்துவது போன்றவை அதோடு சேர்ந்து வரும்போதுதான் நரம்பியல் மருத்துவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

அப்படியானால் நோய் குடலில்தான் தொடங்குகிறதா? ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்த கருத்து ஏறக்குறைய அதுதான். ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் பிசகாக மடிந்து, நரம்பணுக்களுக்குள் லூயி உருண்டைகளாகத் திரள்வதுதான் இந்த நோயின் அடையாளம். 1912இல் ஃபிரிட்ஸ் லூயி அவற்றை முதலில் கண்ட இடங்களில் ஒன்று, வயிற்றையும் குடலையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு கிளம்பும் நரம்பணுத் தொகுதி. இறந்த நோயாளிகளின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்த பிராக், இந்தப் புரதப் படிவு முதலில் சேர்வது அந்தத் தொகுதியிலும் மணம் அறியும் பகுதியிலும்தான், இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு அது பின்னால்தான் வருகிறது என்றார். இரைப்பைப் புண்ணுக்காக வேகஸ் நரம்பின் தண்டையே வெட்டி அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் சற்றுக் குறைவாக வந்திருப்பதை டென்மார்க், சுவீடன் நாட்டுப் பதிவேடுகள் காட்டியது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

ஆனால் எல்லா நோயாளிகளும் இந்த வரிசையில் அடங்குவதில்லை. குடலில் பிரச்சினையே இல்லாமல் நேரடியாகக் கை நடுக்கத்தோடு வருபவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பெர் போர்க்ஹாமர் குழுவினர் இதை வைத்து, உடலில் தொடங்கி மூளைக்கு ஏறும் வகை, மூளையில் தொடங்கி உடலுக்கு இறங்கும் வகை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் மலச்சிக்கலும் உறக்கக் கோளாறும் முந்திக்கொள்ளும். இரண்டாவதில் அவை பின்னால் வரும். இந்தப் பிரிவினை இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. நோயாளிக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு சிறு ஆறுதல்: இத்தனை காலம் வயிறு கட்டிக்கொண்டது தன் சாப்பாட்டுக் குற்றமோ சோம்பேறித்தனமோ இல்லை.

நகர்வதில் தடை, வெளியேறுவதில் தடை

குடலின் சுவருக்குள்ளேயே தனி நரம்பு வலை ஒன்று இருக்கிறது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட அது, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தானாகவே குடலைச் சுருக்கி விரித்து உள்ளிருப்பதை நகர்த்தும். பார்க்கின்சன் நோயில் இந்த வலையிலும், அதை ஏவும் வேகஸ் நரம்பிலும், பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு வரும் தண்டுவட நரம்புகளிலும் ஆல்ஃபா சைனுக்ளின் படிவு காணப்படுகிறது. விளைவு: உணவுக் கழிவு பெருங்குடலைக் கடக்க ஆகும் நேரம், நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் பலருக்கு இரட்டிப்பாகிறது. அங்கே தங்கத் தங்க மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் வெளியே வருவது ஆட்டுப் புழுக்கை போன்ற உருண்டைகள். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகக் கழிவது, வயிறு உப்பிக் கனப்பது, பசி மந்தமாவது எல்லாம் இந்த வகைத் தடையின் அடையாளங்கள்.

இரண்டாவது தடை வேறு மாதிரி. மலக்குடலைச் சுற்றி, இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து பின்னால் சென்று திரும்பும் வார் வடிவத் தசை ஒன்று உண்டு. சாதாரணமாக அது மலக்குடலை முன்னோக்கி இழுத்து, அந்த இடத்தை ஒரு மடிப்பாக வைத்திருக்கும். மலம் தானாக நழுவாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் கழிக்க முக்கும்போது இந்தத் தசை தளர்ந்து மடிப்பு நிமிர வேண்டும். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு, தளர வேண்டிய அந்த நேரத்தில் இது இன்னும் இறுகிக்கொள்கிறது. ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசையும் சேர்ந்து இறுகும். முக்க முக்க வழி அடைபடுகிறது. கால் விரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொள்ளும் தசை இறுக்கம் இந்நோயில் வருவதுண்டே, அதே வகை இறுக்கம்தான் இங்கேயும் நடப்பதாகக் கருதுகிறார்கள். மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் இந்நோயில் குறைகிறது; அதைப் போலச் செயல்படும் ஏபோமார்ஃபின் ஊசி போட்ட சிறிது நேரத்தில் இந்தத் தசைகள் தளர்வதை 1980களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். டோபமின் குறைபாட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு இருப்பதற்கு அது நல்ல சான்று.

இந்த இரண்டாவது வகையில் மலம் இறுகியே இருக்க வேண்டும் என்பதில்லை. உந்துதல் வரும், கழிவறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், கொஞ்சம் வரும், எழுந்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பதாகவே தோன்றும். விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்ததை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மலம் இளகித்தானே இருக்கிறது, பிறகென்ன மலச்சிக்கல் என்று வீட்டில் கேட்பார்கள். மருந்தின் வீச்சு குறைந்திருக்கும் வேளையில் கழிக்க முடியாமலும், மருந்து நன்றாக வேலை செய்யும் வேளையில் எளிதாகவும் போகிறதென்றால் அது முக்கியமான துப்பு. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் ஆசனவாய்க்குள் விரல் வைத்து, முக்கச் சொல்லிப் பார்த்தாலே தசை தளர்கிறதா இறுகுகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அழுத்தத்தை அளக்கும் சோதனையும், மலக்குடலில் வைத்த சிறு பலூனை வெளியே தள்ளச் சொல்லும் சோதனையும் இருக்கின்றன. இரண்டு தடைகளும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் சாதாரணம்.

சுமையைக் கூட்டுபவை

நோய் மட்டும் பழியை ஏற்றுக்கொண்டால் போதாது. நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் குடலை மந்தமாக்குவதில் பெயர்போனது; அமான்டடினும் டோபமின் போலச் செயல்படும் சில மாத்திரைகளும் தங்கள் பங்குக்குச் செய்யும். அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின் வகை மருந்து, மனச்சோர்வுக்கான பழைய வகை மாத்திரைகள், வலிக்கான ஓபியாய்டு, வாந்திக்கான ஒன்டான்செட்ரான், கால்சியம் என்று பட்டியல் நீளும். மாயக்காட்சிகளுக்காகச் சிலருக்குத் தரப்படும் குளோசபின் குடலை ஆபத்தான அளவுக்கு அடைத்துவிடக் கூடியது. இரும்புச் சத்து மாத்திரை இரட்டைத் தொல்லை: மலத்தை இறுக்குவதோடு, லெவோடோபாவோடு ஒட்டிக்கொண்டு அதன் உறிஞ்சுதலையும் குறைக்கும். ஒவ்வொரு மலமிளக்கியைச் சேர்க்கும் முன்பும் எந்த மருந்தை எடுக்கலாம் என்று பார்ப்பது நல்லது. நடைமுறையில் சேர்ப்பதே நடக்கிறது, எடுப்பது அரிது.

அதோடு அன்றாட வாழ்க்கையும் சதி செய்யும். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைப்பார்கள். விழுங்கும்போது புரையேறுவதால் குடிக்கவே தயங்குவார்கள். நடமாட்டம் குறையும். கழிவறைக் கதவருகே கால் உறைந்து நிற்கும். உள்ளே போனாலும் நாடாவை அவிழ்ப்பதற்குள் உந்துதல் அடங்கிவிடும். வயிற்றுத் தசைகளுக்கு முக்கும் வலுவும் குறைந்திருக்கும். உந்துதலை ஒவ்வொரு முறையும் அடக்கிவைத்தால் மலக்குடல் விரிந்து, நாளடைவில் உந்துதலே மங்கிப்போகும்.

மருந்தின் வழியில் நிற்கும் வயிறு

மாத்திரை தாமதமாவதற்கு வருவோம். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் முற்பகுதிக்குப் போய்த்தான் ரத்தத்தில் சேர வேண்டும். இந்த நோயில் இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகிறது. மாத்திரை அங்கேயே கிடக்கும் நேரமெல்லாம் காத்திருப்பு நேரம். பெருங்குடல் நிரம்பிக் கிடந்தால் மேலே இரைப்பை காலியாவதும் தாமதப்படும். கொழுப்பு மிகுந்த கனமான சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் இன்னும் மோசம். சிறுகுடலுக்கு வந்த பிறகும் போட்டி காத்திருக்கிறது: புரத உணவு செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே கடத்தி வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக மாத்திரையைப் போடச் சொல்வதன் காரணம் இதுதான்.

2019இல் இன்னொரு போட்டியாளரும் தெரியவந்தது. குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் போன்ற நுண்ணுயிரிகளிடம் இருக்கும் ஒரு நொதி, லெவோடோபாவைக் குடலுக்குள்ளேயே டோபமினாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய டோபமினால் மூளைக்குள் நுழைய முடியாது. அது மருந்து வீணானதுதான். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

மருந்து சரியாகச் சேராவிட்டால் நடமாட்டம் குறையும், இடுப்புத்தளத் தசைகள் இறுகும், மலம் மேலும் தங்கும். மலம் தங்கினால் மருந்து இன்னும் தாமதப்படும். அதனால்தான் மருந்தின் வீச்சு நாளுக்கு நாள் காரணமில்லாமல் ஏறி இறங்கினால் முதலில் வயிற்றைக் கவனியுங்கள் என்று அனுபவமுள்ள செவிலியர்கள் சொல்வார்கள். குமட்டலுக்கு மருந்து கேட்கும்போதும் கவனம் தேவை: மெட்டோக்குளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமினைத் தடுத்து நோயைக் கூட்டிவிடும். டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாததால் அதைத் தருவதுண்டு. ஆனால் அது இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம் என்பதால் ஈசிஜி பார்த்து, குறைந்த அளவில்தான் கொடுப்பார்கள்.

எது உதவும்

தண்ணீரும் நார்ச்சத்தும் என்ற பதில் எல்லோருக்கும் தெரியும். அது சரிதான், ஆனால் அரைகுறை. இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீராகாரம் எடுப்பது நல்லது. இரவுத் தொல்லைக்குப் பயந்தால் பெரும்பகுதியை மாலைக்குள் குடித்துவிடலாம். நார்ச்சத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். நகராத குடலுக்குள் திடீரென்று நாரைத் திணித்தால் உப்புசமும் காற்றுமே மிஞ்சும். இசப்கோல் போன்ற உமி வகை, மலம் கழியும் எண்ணிக்கையைக் கூட்டுவதாகச் சிறிய ஆய்வு ஒன்று காட்டியது; ஆனால் அது பெருங்குடலின் வேகத்தைக் கூட்டவில்லை. போதிய நீரில்லாமல் எடுத்தால் அது குடலை அடைக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குத் தொண்டையிலேயே உப்பிப் புரையேற்றலாம்.

காலை உணவுக்குப் பின் பெருங்குடல் தானாகவே ஒரு முறை வேகமெடுக்கும். அந்த நேரத்தைத் தினமும் கழிவறைக்கு ஒதுக்குவது பழைய யோசனைதான், இன்றும் பயனுள்ளது. மருந்து வேலை செய்யும் நேரமும் அதோடு பொருந்திவந்தால் மிக நல்லது. குந்தி உட்காரும்போது மலக்குடலின் மடிப்பு நிமிர்கிறது. குந்த முடியாதவர்கள் நாற்காலி வகைக் கழிவறையில் உட்கார்ந்து, காலடியில் ஒரு முக்காலியோ பலகையோ வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்குமாறு முன்னே சாய்ந்தால் ஏறத்தாழ அதே பலன். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து முக்க வேண்டாம். எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது இந்நோயில் வழக்கம். முக்கி முடித்து வேகமாக எழுந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி, எந்த மாத்திரைக்கும் குறைந்ததன்று.

மருந்துகளில் இந்நோய்க்கு ஆதாரம் ஓரளவு நன்றாக இருப்பது மேக்ரோகால் என்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளுக்கு. 2007இல் இத்தாலியில் வெளியான எட்டு வாரச் சோதனையில், வெற்று மருந்தைவிட அது தெளிவாக மேலாக இருந்தது. அது மலத்தில் நீரைத் தக்கவைத்து இளக்கும். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். தினமும் எடுக்க வேண்டியது, வலி வந்தபின் எடுப்பதன்று. இங்கே ஓர் எச்சரிக்கை, பலருக்குத் தெரியாதது: விழுங்கும் சிரமத்துக்காக நீரைக் கெட்டியாக்கும் மாவு வகைத் தூளைப் பயன்படுத்துபவர்கள், அதே நீரில் மேக்ரோகாலைக் கலந்தால் அது மீண்டும் தண்ணீராகவே நீர்த்துவிடும், புரையேறும். இருவகைத் தூளும் தேவைப்படுபவர்கள் எந்தக் கெட்டியாக்கி பொருந்தும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதே காரணத்தால் எண்ணெய்ப் பசையுள்ள திரவ பாரஃபினும் இவர்களுக்கு வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும்.

மேக்ரோகால் போதாதபோது சென்னா, பைசகோடில் போன்ற குடலைத் தூண்டும் மாத்திரைகளைச் சேர்ப்பார்கள். இவை குடலைப் பழுதாக்கிவிடும் என்ற பழைய பயத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. குடலுக்குள் நீர் சுரக்கச் செய்யும் லூபிபிரோஸ்டோன் சிறு சோதனையொன்றில் பயன்தந்திருக்கிறது. புரூகலோபிரைடும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. நன்மைதரும் நுண்ணுயிரிகள் பற்றி விளம்பரங்கள் சொல்வதை நான் அதிகம் நம்புவதில்லை. ஆனாலும் மலச்சிக்கலைப் பொறுத்தவரை இத்தாலியில் 2016இலும் மலேசியாவில் 2021இலும் வெளியான சோதனைகளில், பலவகை நுண்ணுயிரிகள் சேர்ந்த கலவையை நான்கு வாரம் எடுத்தவர்களுக்கு மலம் கழியும் எண்ணிக்கை கூடியது உண்மை.

மேலே சொன்ன எதுவும் வெளியேறும் இடத்துத் தடையை நேரடியாகத் தீர்க்காது. அங்கே மலத்தை மேலும் மேலும் இளக்கிக்கொண்டு போனால் கசிவுதான் மிச்சம். இவர்களுக்கு மருந்து வீச்சில் இருக்கும் நேரத்தில் கழிவறைக்குப் போவதும், கிளிசரின் சப்போசிட்டரியோ சிறு எனிமாவோ வைத்து மலக்குடலைத் தூண்டுவதும் உதவும். தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி உண்டு. திரையில் தன் தசையின் இறுக்கத்தைப் பார்த்தபடியே தளர்த்தக் கற்றுக்கொள்வது அது. சில மையங்களில் அந்த வார்த் தசைக்குள் போட்டுலினம் நச்சை ஊசியாகப் போடுகிறார்கள். இறுக்கம் சில மாதங்களுக்குத் தளரும், ஆனால் அளவு மிஞ்சினால் கட்டுப்பாடு போய்விடும் அபாயமும் இருக்கிறது.

நோயாளியின் குடலில் நுண்ணுயிரிகளின் கலவை மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது என்று 2015 முதல் பல ஆய்வுகள் காட்டியதும், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிரிகளை எடுத்து நோயாளியின் குடலில் செலுத்தும் முறை மீது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2024இல் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. பெல்ஜியத்தில் அசைவுக் குறிகளில் சிறிதளவு முன்னேற்றம், பின்லாந்தில் ஒன்றுமில்லை. இப்போதைக்கு அது ஆய்வகத்து விஷயம்தான்.

கசிவு, பேதி, ஆபத்து

பல நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு திடீரென்று தண்ணீராகப் போனால் பேதி என்று நினைத்துவிடக் கூடாது. மலக்குடலில் கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலிருக்கும் நீர்மலம் கசிவதாக இருக்கலாம். அதற்குப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றும். வயதானவர்களுக்கு இந்த அடைப்பு சிறுநீர் நின்றுபோவதாகவோ, திடீர்க் குழப்பமாகவோ, எதையும் சாப்பிட மறுப்பதாகவோகூட வெளிப்படும். உண்மையான பேதியும் வருவதுண்டு. லெவோடோபாவோடு சேர்த்துத் தரப்படும் என்டாகபோன் மருந்து சிலருக்குத் தொடங்கிப் பல வாரங்கள் கழித்துக்கூட அதைக் கிளப்பும். அப்போது மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் பார்க்கின்சன் தலையில் கட்டிவிடுவது இன்னொரு ஆபத்து. மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, வேகமாக மெலிவது, நெடுநாள் ஒரே மாதிரியிருந்த பழக்கம் சில வாரங்களில் மாறுவது ஆகியவை யாருக்கு வந்தாலும் பெருங்குடல் பரிசோதனை தேவைப்படுபவை; பார்க்கின்சன் இருப்பது அதற்கு விலக்கன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் கால்சியம் மிகுதி போன்றவையும் குடலை மந்தமாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வயிறு பெருத்து, கடுமையாக வலித்து, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெடுநாள் மலச்சிக்கலால் நீண்டு விரிந்த பெருங்குடலின் கடைசிப் பகுதி தன்னைத்தானே முறுக்கிக்கொள்வது இந்நோயாளிகளிடம் அறியப்பட்ட சிக்கல். தாமதித்தால் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். அவசரப் பிரிவில் வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று எழுதும்போது லெவோடோபாவும் சேர்ந்தே நின்றுபோகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். எனவே இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது, கடைசியாக மருந்து போட்டது இத்தனை மணிக்கு என்று உடன் போகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூக்கு வழிக் குழாய், தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டை, ஏபோமார்ஃபின் ஊசி என்று வேறு வழிகள் உண்டு. நரம்பியல் மருத்துவரைக் கலந்துகொண்டு அவற்றில் எது பொருந்தும் என்று முடிவெடுப்பார்கள். மருந்துகளின் பெயர், அளவு, வேளை மூன்றும் எழுதிய ஒரு தாள் நோயாளியின் பையில் எப்போதும் இருக்கட்டும்.